அக்கரை ஆ-சுவான்

மார்ச் 9, ஞாயிறு

இது எங்கள் தீவையும் பக்கத்துத் தீவையும் சேர்க்கும் பாலம் திறந்து மூன்றாவது வருஷம். அக்கரைக்காரர்கள் புது விமானத்தளத்துக்காகக் கடலில் மண்ணைக் கொட்டிக் கொட்டி, எங்கள் கின்மென் பக்கம் கை நீட்டும் தூரத்துக்கு வந்துவிட்ட வருஷம். வண்டிச் சக்கரம் ஏறி உதிரட்டும் என்று ரோட்டில் பரப்பிய சோளம் ரோட்டிலேயே முளைவிட்டதற்கு மறு வருஷம். என் அக்காள் சியூ-கிம் செத்த வருஷம். இப்படிச் சொன்னால்தான் எனக்கு வருஷம் மனசில் நிற்கும். வெறும் எண்ணைச் சொன்னால் நிற்காது.

மகள் இந்தப் போனில் ஒரு பொத்தானைக் காட்டிக்கொடுத்துவிட்டுத் எங்கள் அரசாங்கம் இருக்கும் பெரிய தீவில் தைச்சுங் நகருக்குத் திரும்பினாள். அழுத்திக்கொண்டு பேசினால் எழுதிக்கொள்ளும், கேட்டால் வாசித்தும் காட்டும். எனக்கு எழுத்துத் தெரியாது. எங்கள் ஊருக்குப் பள்ளிக்கூடம் வந்தபோதே எனக்குப் பதின்மூன்று வயசு. அப்போது ஒற்றைப்படைத் தேதிகளில் அக்கரையிலிருந்து குண்டு விழும், இரட்டைப்படையில் விழாது. பள்ளிக்கூடம் இரட்டைப்படை நாளில் மட்டும்தான். சிப்பி எடுக்கப் போவதும் அன்றைக்குத்தான். அப்பா இல்லாத வீட்டில் எது முந்தும்?

இன்று அக்காளுக்கு நாற்பத்தொன்பதாம் நாள் படையல். காலைப் படகில் அக்கரையில் இருக்கும் சியாமென் போய்க் கடைசிப் படகில் திரும்பினேன். அவளுக்குப் பன்னிரண்டு, எனக்கு நாலு வயசு இருக்கும்போது பெரியம்மா வீட்டுக் கல்யாணத்துக்கு அக்கரை போனாள். மூன்றாம் நாள் சண்டையில் அந்தக் கரை வேறு ஆட்சிக்குப் போனது, படகு நின்றது. மறுபடி படகு விட ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆனது. விட்ட பிறகு எத்தனையோ தரம் போய்விட்டேன். ஒரு ராத்திரிகூட அங்கே படுத்ததில்லை. அக்காள் ஒவ்வொரு தரமும் கேட்பாள். "கடைசிப் படகு போயிடும்" என்று நான் எழுந்துவிடுவேன். ஏன் என்று அவளுக்குத் தெரியும். அப்பாவைக் கொன்ற குண்டு அந்தக் கரையிலிருந்து வந்தது.

படையல் மேசைக்கடியில் அவளுடைய நாய் படுத்திருந்தது. தெருநாய். மீன் சந்தையில் வண்டி ஏறிப் பின்கால் நசுங்கிக் கிடந்ததைத் தூக்கி வந்தாள். மண் நிறம், ஒரு காது மடிந்தது. யார் தலை குனிந்தாலும் வாலை ஒரு தரம் தரையில் தட்டும்.

அவள் மகள் சூ-இங் சொன்னாள், ஜூலையில் இந்த வரிசை வீடுகளை ரோட்டுக்காக இடிக்கிறார்களாம். அவளுக்குக் கொடுக்கும் அடுக்குமாடியில் நாய் கூடாதாம்.

"யாரும் எடுத்துக்கலன்னா?"

"தெருவுக்குத்தான் மாமா. கால் விளங்காத கிழட்டு நாயை யாரு எடுப்பா?"

பிறகு அவளே கூப்பிட்டாள், எலும்பு போட. "ஆ-சுவான், வா."

அது என் பெயர்.

மார்ச் 10

ராத்திரி முழுக்கச் சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது.

அக்காளுக்கும் எனக்கும் நடுவே பிறந்த மூன்றும் தங்கவில்லை. அதனால் அம்மா என்னை 'நாயே' என்றுதான் கூப்பிடுவாள். கெட்ட காற்று காதில் வாங்கினால் இது பிள்ளையில்லை, நாய் என்று நினைத்துத் தாண்டிப் போகவேண்டுமாம். அக்காளும் எண்பத்தெட்டு வயசு வரைக்கும் என்னை அப்படித்தான் கூப்பிட்டாள். என் நிஜப் பெயரை அவள் வாயிலிருந்து நான் கேட்டதேயில்லை. அதை எடுத்து நாய்க்கு வைத்திருக்கிறாள். நான் கடைசிப் படகில் ஏறின பிறகு எத்தனை ராத்திரி அந்தப் பெயரைச் சொல்லிச் சோறு போட்டாளோ.

அதைத் தெருவில் விட முடியாது. கொண்டுவருகிறேன்.

மார்ச் 12, புதன்

விலங்கு நோய்த்தடுப்பு அலுவலகம். வெளியிலிருந்து வரும் விலங்குகளுக்கான மேசையில் கோ என்று ஒரு பெண். நாற்பது வயசிருக்கும். சுருக்கமான பேச்சு.

"நாயோட பேரு?"

"ஆ-சுவான்."

"உங்க பேரு?"

"ஆங் சுவான்."

"பெரியவரே, நான் உங்க பேரைக் கேட்டேன்."

"அதைத்தாம்மா சொன்னேன்."

"அப்ப நாயோட பேரு?"

"அதுவும் அதேதான், முன்னால குடும்பப் பேரு மட்டும் இல்ல. என் அக்கா வெச்சது."

பேனாவை மேசையில் வைத்துவிட்டு என்னை ஒரு தரம் பார்த்தாள். "எந்த நாட்டுலேர்ந்து வருது?"

"நாடா? எங்க மாடியில நின்னா அவங்க காயப்போட்ட துணி தெரியும்மா."

"துணி தெரிஞ்சாலும் சரி, கோழி கூவறது கேட்டாலும் சரி, நாய்க்கு அது வெளிநாடு. மனுஷனுக்கு என்னன்னு நான் சொல்ல முடியாது. அது என் மேசை இல்ல."

பிறகு சொன்னாள். தோலுக்கடியில் பதிக்கும் சிப்பு, வெறிநோய் ஊசி, ஒரு மாசம் கழித்து ஊசி பிடித்ததா என்று பார்க்க ரத்தம். ரத்தம் தேறினால் எடுத்த நாளிலிருந்து அரை வருஷம் காத்திருப்பு. அப்புறமும் படகில் ஏற்ற முடியாது. சியாமெனிலிருந்து விமானத்தில் பெரிய தீவுக்குப் போய், அங்கே ஏழு நாள் கூண்டில் இருந்து, மறுபடி விமானம் ஏறி இங்கே வரவேண்டும். படகில் அரை மணி நேரம் ஆகிற இடத்திலிருந்து.

நான் எழுந்தபோது குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்: "படகுல சும்மா தூக்கிட்டு வந்துடலாம்னு எவனாவது சொல்லுவான். கேட்காதீங்க. பிடிச்சா திருப்பி அனுப்ப மாட்டோம். அன்னைக்கே ஊசி போட்டு முடிச்சிடுவோம். நான் பக்கத்துல நிக்கணும். போன வருஷம் ஒண்ணுக்கு நின்னேன்."

மார்ச் 26, புதன்

சூ-இங் போனில் வந்தாள். சனிக்கிழமை சிப்பு வருகிறதாம், சிப்பும் ஊசியும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்கிறாராம் வைத்தியர்.

"சனிக்கிழமை என்ன தேதி?"

"இருபத்தொன்பது."

"ஒத்தைப்படை. வேண்டாம்."

"மாமா, குண்டு நின்னு நாப்பத்தாறு வருஷமாச்சு. இன்னுமா?"

"இன்னும்தான்."

எங்கள் பக்கத்தில் என் வயசுக்காரன் எவனும் ஒற்றைப்படையில் பெண் எடுத்ததில்லை, உத்தரம் ஏற்றியதில்லை, ஆபரேஷனுக்குப் படுத்ததில்லை. அப்பா செத்தது இருபத்துமூன்றாம் தேதி. நான் சொன்னேன்: "ஊசி இருக்குல்ல? அதை இருபத்தெட்டுல போடு. சிப்பு வந்ததும் முப்பதுல போடு. ரெண்டும் இரட்டைப்படையில முடிஞ்சிடும்."

"சரி மாமா. உங்க நாய், உங்க கணக்கு."

மார்ச் 30

முடிந்தது. நாய் முனகக்கூட இல்லையாம்.

மே 20, செவ்வாய்

ரத்தத்துச் சீட்டு வந்திருந்தது. எடுத்துக்கொண்டு கோவிடம் போனேன். ரத்தம் தேறிவிட்டது. அவள் இரண்டு தேதிகளின் மேலும் விரலை வைத்தாள். விரல் அங்கேயே நின்றது.

"சிப்புக்கு முன்னாடி ஊசியா?"

"ரெண்டும் போட்டாச்சேம்மா."

"பெரியவரே, சிப்புலதான் எண்ணு இருக்கு. எண்ணு இல்லாத நாய்க்குப் போட்ட ஊசி எந்த நாய்க்குப் போட்டதுன்னு யாருக்குத் தெரியும்? அது போடாத ஊசி. அந்த ஊசியை நம்பி எடுத்த ரத்தம் எடுக்காத ரத்தம்."

"நீ வரிசைன்னு சொல்லலையே."

"சிப்பு, ஊசி, ரத்தம்னு சொன்னேன்."

சொன்னாள். அதே வரிசையில்தான் சொன்னாள். எனக்கு ஒரு சொல் மறக்காது. மூன்று சாமான் வேண்டும் என்று நான் எடுத்துக்கொண்டேன், ஒன்றன்பின் ஒன்று என்று எடுத்துக்கொள்ளவில்லை.

"ஏன் ரெண்டு நாள் தள்ளிப் போட்டீங்க? ஒரே நாள்ல போடுவாங்களே."

அவளும் கின்மென் பெண்தான். சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள். "எங்க அப்பாவும் இப்படித்தான்" என்றாள்.

முதலிலிருந்து. ஊசி, ஒரு மாசம், ரத்தம், அரை வருஷம். வீடு இடிப்பது ஜூலையில. ஜூலைக்கு அப்புறம் அது எங்கடா இருக்கும்? யாரு வெச்சுக்குவா? நல்ல நாள் பாத்தியே, நல்ல நாள். உன்னைச் சும்மாவா அம்மா நாயேன்னு கூப்பிட்டா.

மே 30

நேற்று மறுபடி ஊசி போட்டார்கள். தேதி சொல்ல வந்தாள் சூ-இங். சொல்லாதே என்றேன்.

ஜூன் 14, சனி

சூ-இங் பதினோரு வீட்டில் கேட்டுவிட்டாள். ஒரு வீட்டில் காவலுக்குச் சங்கிலியில் கட்டிப்போட்டால் ஆகுமா என்றார்களாம். ஒருவன் பார்க்க வந்து, காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே போனானாம்.

சாயங்காலம் பூன்-பியாவ் வந்தான். பக்கத்து வீடு, மீன் படகு வைத்திருக்கிறான். சோளச் சாராயம் ஒரு கிண்ணம் ஊற்றினேன். குடித்துவிட்டு ஆரம்பித்தான்.

"அண்ணே, அரை வருஷம் எதுக்கு? நான் ஒரு வலை வீசற நேரத்துல கொண்டாந்துடறேன். அந்தப் பக்கத்து ஆளுங்களோட நடுக்கடல்ல மீனே மாத்திக்கிறோம். ஒரு நாயை மாத்த முடியாதா?"

"குரைச்சா?"

"மீனு குரைக்குதா? கூடையில போட்டு மூடினா இதுவும் மீனுதான்."

"உனக்கு இதுல என்னடா?"

"ஒண்ணுமில்ல. 'ஆங் சுவானைக் கடத்திட்டு வந்தேன்'னு சாகற வரைக்கும் சொல்லிச் சிரிக்கலாம்ல."

போடா என்றேன். ஆனால் அவன் போன பிறகு அலை இறங்கும் நாளை மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது.

ஜூன் 20

கோ சொன்னது காதிலேயே நிற்கிறது. "பக்கத்துல நிக்கணும்."

ஜூன் 24, செவ்வாய்

சூ-இங் அழுதாள். தெருவில் முதல் வீட்டில் ஜன்னல்களைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். நாய் சத்தத்துக்குப் பயந்து மேசைக்கடியிலிருந்து வெளியே வருவதில்லையாம்.

பூன்-பியாவிடம் சரி என்று சொல்லிவிட்டேன். வியாழன் விடியல். அமாவாசைக்கு அடுத்த நாள், தண்ணீர் வெகு தூரம் இறங்கும். ரோந்துப் படகு பாறைப் பக்கம் வராது.

ஜூன் 26, வியாழன்

சொல்லிவிடுகிறேன்.

சிப்பிக் கூடையோடு விடியலில் இறங்கினேன். எதிரி கரையேறாமல் இருக்க அந்தக் காலத்தில் நட்ட இரும்புக் கம்பிகள் வரிசை வரிசையாகச் சேற்றில் சாய்ந்து நிற்கின்றன, அதில்தான் சிப்பி பிடிக்கிறது. எண்பது வயசில் ஒருவன் சிப்பி கொத்திக்கொண்டு நிற்பதை யாரும் கேட்கமாட்டார்கள். ஏற்பாடு இதுதான்: நான் கூடையைத் தலைக்கு மேல் தூக்கினால் அவன் வரலாம். தொப்பியைக் கழற்றி வீசினால் திரும்பிவிட வேண்டும்.

மூடுபனி. படகின் சத்தம்தான் முதலில் கேட்டது. பிறகு பூன்-பியாவின் நீலப் படகு பனிக்குள்ளிருந்து மூக்கை நீட்டியது. முன்பக்கம் மூடிய மீன் கூடை. கூப்பிடும் தூரம்தான். கூடையைப் பாதிவரை தூக்கிவிட்டேன்.

அப்போது கிழக்கே இன்னொரு இன்ஜின். கனமான சத்தம். மீன்காரன் படகில்லை.

வெள்ளைப் படகு பாறை முனையைச் சுற்றி மெதுவாக வந்தது. கடலோரக் காவல். பனியில் அவர்களுக்குப் பூன்-பியாவ் தெரிந்தானா, தெரியவில்லையா? நீலப் படகு அசையாமல் நின்றது. அவன் என்னையே பார்க்கிறான். இன்னும் கொஞ்சம் வந்தால் கம்பி வரிசைக்குள் நுழைந்துவிடுவான், பெரிய படகு அங்கே நுழைய முடியாது. தப்பிக்கலாம். தப்பித்தும் இருப்பான். பத்தில் ஏழு பங்கு தப்பித்திருப்பான்.

மீதி மூன்று பங்கு? என் கண்ணுக்கு முன்னால் ஊசி போடும் மேசை வந்தது, மேசைக்குப் பக்கத்தில் கோ நின்றாள்.

தொப்பியைக் கழற்றி வீசினேன்.

அவன் திருப்பினான். அந்த ஆட்டத்தில்தான் கூடைக்குள்ளிருந்து அது குரைத்தது. ரெண்டே தரம். தண்ணீர் மேல் எவ்வளவு தெளிவாக வந்தது. வெள்ளைப் படகு ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது. நான் தொப்பியைத் தேடுகிற மாதிரி சேற்றில் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது வெள்ளைப் படகு தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. பனி மட்டும்தான்.

மத்தியானம் பூன்-பியாவ் வந்து கத்தினான். "நூலிழை அண்ணே, நூலிழை. கம்பிக்குள்ள வந்திருப்பேன்."

"வந்திருப்படா."

"அப்புறம் ஏன் விரட்டினீங்க? அந்தாளுங்களை மறுபடி தேடிப் பிடிச்சு நாயைத் திருப்பிக் குடுக்கறதுக்குள்ள படகுல எண்ணெய் பாதி தீந்துடுச்சு. அது வாந்தி எடுத்து என் வலையெல்லாம் நாசம்."

"மாட்டியிருந்தா உனக்கு அபராதம். அதுக்கு?"



ஜூன் 30

நாய் சாப்பிடவில்லை. நாலு நாளாச்சு. தண்ணீர் மட்டும் குடிக்கிறதாம்.

ஜூலை 3

சூ-இங் போனை நாய்க் காதில் வைத்தாள். என்ன சொல்வது? "டேய் ஆ-சுவான், தின்னுடா" என்றேன். என்னை நானே அதட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. கொஞ்சம் கஞ்சி நக்கியதாம்.

ஜூலை 9, புதன்

யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நாய் இங்கே வர வழியில்லை. சட்டம் நாயைத்தான் தடுக்கிறது. என்னை யாரும் தடுக்கவில்லை. என்னிடம் அக்கரை போய்வரும் அட்டை இருக்கிறது. படகு அரை மணிக்கு ஒன்று போகிறது.

தடுத்தது யார்?

ஜூலை 12, சனி

மகளிடம் சொன்னேன்.

"அப்பா, அங்க போயா? அத்தை உயிரோட இருந்தப்ப ஒரு ராத்திரி தங்க மாட்டேன்னீங்க. இப்ப நாய்க்காகவா?"

அவள் கேட்டதில் தப்பில்லை. அதுதான் குத்துகிறது.

"அரை வருஷம்தான். நாய் இருக்கற சிறையில நானும் இருந்துட்டு, ரெண்டு பேருமா வர்றோம்."

"யாரு யாரைக் கூட்டிட்டு வரப்போறீங்களோ" என்றாள்.

ஜூலை 16, புதன். அக்கரை.

சூ-இங் அறை பார்த்து வைத்திருந்தாள். இடிக்காத வரிசையில், அக்காள் வீட்டுக்கு எதிர்ச் சந்து. வீட்டுக்காரர் எண்பத்தைந்து வயசு, தனி ஆள், முதுகு வளைந்தவர், இடது தோள் ஒரு பக்கமாக இறங்கியிருக்கும். தெருவில் எல்லோரும் பெரியண்ணன் என்கிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். நாய் என்றதும் மற்றவர்கள் கதவைச் சாத்தினார்கள், இவர், "அக்கா நாய்தானே, எனக்குத் தெரியும். உள்ள வரட்டும்" என்றாராம்.

கடைசிப் படகின் சங்கு கேட்டது. எழுந்திருக்கவில்லை. இந்தக் கரையிலிருந்து அந்தச் சங்கை நான் கேட்டதில்லை, எப்போதும் படகுக்குள்தான் இருப்பேன்.

நாய் என் செருப்பை முகர்ந்தது. பிறகு அறை முழுக்க முகர்ந்து, கதவுக்கும் எனக்கும் நடுவே படுத்துக்கொண்டது.

ஜூலை 18

ரத்தம் எடுத்தார்கள். நான்தான் பிடித்துக்கொண்டேன். உடம்பு ஆட ஆட என் கையையே நக்கிக்கொண்டிருந்தது. இன்றிலிருந்து அரை வருஷம்.

ஜூலை 25

அக்காள் வீட்டை இடித்தார்கள். நாயை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். பெரியண்ணன் அவர் வானொலியைக் கொண்டுவந்து பெரிதாக வைத்தார், சத்தம் கேட்காமல் இருக்க. நாடகம் ஓடியது. மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டோம்.

ஆகஸ்ட் 8

ரத்தம் தேறிவிட்டது. கோவுக்குப் போன் போட்டேன். "இந்தத் தடவை வரிசை சரியா இருக்கு பெரியவரே" என்றாள். சந்தோஷமாக இருந்ததா அவள் குரல்? இருந்தது.

ஆகஸ்ட் 23, சனி

இன்று அப்பா செத்த நாள். சோள வயல் வரப்பில், சாயங்காலம். எனக்குப் பதின்மூன்று. முதல் நாள், முதல் குண்டுகள், அப்போது ஒற்றை இரட்டை என்ற கணக்கே வரவில்லை. அது பிறகு வந்தது. இந்தத் தேதியைத்தான் நான் அதற்கு மேல் ஒட்டிக்கொண்டேன்.

ஊதுவத்தி ஏற்ற எழுந்தேன், ஏற்றவில்லை. இந்தக் கரையில் நின்று எந்தப் பக்கம் திரும்பி ஏற்றுவது? நாள் முழுக்க அறைக்குள்ளேயே இருந்தேன். நாயை நடத்திக்கொண்டு போகவில்லை.

பெரியண்ணனும் இன்று வெளியே வரவில்லை. அவருடைய தேநீர் பெஞ்சு காலியாகக் கிடந்தது.

ஆகஸ்ட் 24

காலையில் பெஞ்சில் இருந்தார். என் பக்கம் கிண்ணத்தைத் தள்ளினார். "வெயில் குறைஞ்சிருக்கு" என்றார். "குறைஞ்சிருக்கு" என்றேன். நேற்றைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நாய்தான் போய் அவர் காலில் சாய்ந்தது.

அக்டோபர் 6

நிலாப் பண்டிகை. சூ-இங் வந்து பணியாரம் கொடுத்துவிட்டுப் போனாள். நாய் பாதியைத் திருடியது. பெரியண்ணன் அதட்டினார்: "ஆ-சுவான், திருட்டுப் பயலே." நான் திரும்பிப் பார்த்தேன், நாயும் திரும்பிப் பார்த்தது. அவர் சிரித்துச் சிரித்து இருமல் வந்து, முதுகில் தட்டவேண்டியதாயிற்று.

டிசம்பர் 2

அவர் காலை எட்டு மணிக்கு நாயை நடத்துகிறார், நான் மாலையில். யாரும் பேசி வைக்கவில்லை. அதுவாக ஆகிவிட்டது. மீன்காரி கேட்டாள், "ரெண்டு கிழடுக்கும் ஒரே நாயா?" "நாய்க்கு ரெண்டு கிழடு" என்றார் அவர்.

ஜனவரி 16, வெள்ளி

அனுமதி வந்துவிட்டது. விமானத்துக்கு முன்னால் நாயை வைத்தியரிடம் காட்டவேண்டும். நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"இதயம் வீங்கியிருக்கு. நடக்கலாம், திங்கலாம், தூங்கலாம். விமானத்தோட வயித்துக்குள்ள போய், அப்புறம் ஏழு நாள் முகம் தெரியாதவங்க நடுவுல கூண்டு. தாங்கும்னு நான் எழுதித் தர மாட்டேன்."

"தாங்காதுன்னு எழுதுவீங்களா?"

"அதுவும் எழுத மாட்டேன். வெச்சிருக்கறது நீங்க. நீங்கதான் சொல்லணும்."

பத்தில் ஏழு பங்கு தாங்கும். எனக்கு அந்தக் கணக்கு தெரியும்.

ஜனவரி 18, ஞாயிறு

கோவுக்குப் போன் போட்டேன். ஞாயிறு என்பதையே மறந்துவிட்டேன். வீட்டில் இருந்தாள், பின்னால் தொலைக்காட்சி.

"அனுமதியைப் பயன்படுத்தலம்மா."

"என்ன பெரியவரே, எவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கினது. அரை வருஷம் காத்திருந்தீங்களே."

"காத்திருக்கலம்மா. குடியிருந்திருக்கேன். இப்பத்தான் தெரிஞ்சுது."

"அப்ப நாயோட பேருல இருக்கற கோப்பை மூடிடறேன்" என்றாள். பிறகு, "உங்க பேருலயும்."

பூன்-பியாவிடம் என் கம்பளிப் போர்வையையும் அப்பா படத்தையும் படகில் அனுப்பச் சொன்னேன். "ஆ-சுவானைக் கடத்தணும்னு பார்த்தேன், கடைசியில அவங்க கடத்திட்டாங்க" என்றான். பழைய சிப்பிக் கொத்தியையும் போர்வைக்குள் சுற்றி வைப்பானாம், இங்கேயும் பாறை இருக்குமாமே.

ஜனவரி 21, புதன்

படம் வந்தது. அறையில் வைக்க ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். பெரியண்ணன் நாயை நடத்திவிட்டு வந்தவர் வாசலிலேயே நின்று பார்த்தார்.

"அப்பாவா?"

"அப்பா. ஆங் போ."

"தீவுல உங்க வீடு எந்தப் பக்கம் தம்பி?"

ஆறு மாசத்தில் இதை அவர் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. சொன்னேன். மேற்குச் சரிவு, கோயிலுக்குக் கீழே சோள வயல்.

நாயின் கயிற்றை அவிழ்க்காமல் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். "அந்தக் கோயில் கூரை முனைதான். அதைப் பாத்துத்தான் குறி வைப்பாங்க."

"வைப்பாங்களா, வைப்பீங்களா?"

"வைப்பாங்க. நான் குண்டு சுமந்தேன். கிராமத்துப் பசங்க எட்டுப் பேரைப் பிடிச்சுட்டுப் போனாங்க, கீழேருந்து மேல பீரங்கி வரைக்கும் தோள்ல தூக்கறதுக்கு. எனக்குப் பதினெட்டு வயசு. எங்க விழுதுன்னு எங்களுக்குத் தெரியாது. புகை மட்டும்தான் தெரியும். அந்த மாசம் முழுக்க, அப்புறமும்." இறங்கிய தோளைக் கையால் தொட்டுக்கொண்டார். தொடுகிறோம் என்று அவருக்குத் தெரிந்ததா, தெரியவில்லை.

நான் சுத்தியலைக் கீழே வைத்தேன். கோபம் வரும் என்று பார்த்தேன். அறுபத்தேழு வருஷமாகச் சேர்த்து வைத்தது. என்னென்னவோ வந்தது. எதை எந்தப் பெயரில் சொல்வது என்று தெரியவில்லை. நாய் எங்கள் இரண்டு பேர் காலுக்கும் நடுவே கயிற்றோடு படுத்து, வாலை ஒரு தரம் தட்டியது.

"மீதி ஏழு பேரு?" என்றேன்.

ஒவ்வொருவராகச் சொன்னார். ஒருவன் அந்த வருஷமே எதிர்க்குண்டில். ஒருவன் பஞ்சத்தில். ஒருவன் கடலில். இரண்டு பேர் நெஞ்சுவலியில், ஒருவன் தன் கையாலேயே. கடைசி ஆள் போன வசந்தத்தில், அக்காளுக்கு அடுத்த மாசம். ஒவ்வொரு பெயரையும் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார், எழுதிக்கொள்வதற்கு நேரம் கொடுப்பதுபோல. எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ஏழும் நினைவிருக்கிறது.

பிறகு அவர் படத்துக்கு முன்னால் போய், ஊதுவத்தியை எடுத்துக்கொண்டு, ஏற்றலாமா என்று கேட்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். நான் தீப்பெட்டியைக் கொடுத்தேன்.

அன்றைக்குக் குண்டு சுமந்த எட்டுப் பேரில் இன்னும் உயிரோடு இருப்பவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். அவர் பெயர் இங் சுன்-தே.